எரிந்தால் சொல்லுங்கள், தங்கச்சி

"சிஸ்டருக்கு வணக்கம். எனக்கு வயது 47. தக்கலைக்குப் பக்கத்தில் வீடு. 19 வருஷமா அண்டி ஆபீசில் (முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனி) வேலை. வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போவார். இடது மார்பில் கட்டி என்று ஆபரேஷன் செய்து, கக்கத்து நெறியும் (நிணநீர்க் கணு) எடுத்தார்கள். இப்போது திருவனந்தபுரத்தில் கீமோ. சிவப்பு மருந்து நாலில் ரெண்டு முடிந்தது. ரெண்டாவது தடவை மருந்து ஏறும்போது கை எரிந்தது, பொறுத்துக்கிட்டேன். வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள் ராத்திரி குளிரும் காய்ச்சலும். வீட்டுக்காரர் விடியுமுன் வெட்டுக்குப் போகணுமே என்று எழுப்பவில்லை. ஒரு பாரசிட்டமால் போட்டுப் பொறுத்துக்கிட்டேன். வாயெல்லாம் புண். ஐந்து நாள் வெளிக்குப் போகவில்லை. இரணியல் ஸ்டேஷனில் ரயில் சத்தம் கேட்டாலே வாந்தி வருகிறது. நாத்தனார் முள்ளாத்தா (முள் சீத்தா) இலைக் கஷாயம் போட்டுத் தருகிறார், கீமோவை விட்டுவிடச் சொல்கிறார். ஆனால் என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். நான் பிறந்தது மணவாளக்குறிச்சி, அந்தக் கடல் மண்ணால்தான் வந்தது என்கிறார்கள். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கும் மகளிடம் வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் எத்தனை நாள் இப்படி? எப்போது வேலைக்குப் போகலாம்?"

தங்கச்சி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறது. முழுக் கடிதம் மூன்று பக்கம். அதில் "பொறுத்துக்கிட்டேன்" என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. பென்சிலால் வட்டம் போட்டு எண்ணினேன். நம்ம ஊரில் பெண்களுக்கு அது பெருமையான சொல். பிரசவ வார்டில் சத்தம் காட்டாமல் பெற்றவளைப் பற்றி நாலு வீட்டில் சொல்லிப் பெருமைப்படுவார்கள். கீமோ வார்டில் 26 வருஷம் நின்றவள் நான். கத்துகிற நோயாளியைப் பார்த்து எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் கிடக்கிறவர்களைப் பார்த்துத்தான் பயம்.

கை எரிந்த விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். அந்தச் சிவப்பு மருந்துக்கு டாக்சோரூபிசின் என்று பெயர். நரம்புக்குள் ஓடும்வரை அது மருந்து. ஊசி கொஞ்சம் விலகி மருந்து வெளியே கசிந்துவிட்டால் சதையை அரித்துவிடும். அதனால்தான் அதைப் பெரிய சிரிஞ்சில் எடுத்து, ஓடுகிற டிரிப்போடு சேர்த்து, செவிலியர் பக்கத்திலேயே நின்று மெதுவாகத் தள்ளுவார். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு அம்மாவுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போது அடுத்த கட்டிலில் கூப்பிட்டார்கள். போயிருக்கக் கூடாது, போனேன். திரும்பி வந்தபோது அந்த அம்மா இடது கையால் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். வலது புறங்கை சிவந்து வீங்கியிருந்தது. "மருந்துன்னா எரியத்தானே செய்யும் சிஸ்டர்" என்றார். அந்த இடம் புண்ணாகி, மாசக்கணக்கில் ஆறாமல், கடைசியில் தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. தப்பு என்னுடையது. ஆனாலும் அன்றிலிருந்து ஊசி போடுமுன் ஒவ்வொருவரிடமும் சொல்வேன்: எரிந்தால், வலித்தால், இறுகினால் உடனே என் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

உங்களுக்குப் பெரிய கசிவு நடக்கவில்லை என்றே தோன்றுகிறது, நடந்திருந்தால் இதற்குள் தோல் காட்டிக் கொடுத்திருக்கும். ஆனால் அந்த இடத்தில் சிவப்போ, கயிறு போல இறுக்கமோ இருந்தால் அடுத்த முறை காட்டுங்கள். கை நரம்பு சரியில்லை என்றால் கழுத்துக்குக் கீழே தோலுக்குள் வைக்கிற போர்ட் என்ற சின்னக் கருவி இருக்கிறது, உங்களுக்கு அது தேவைப்படுமா என்று கேளுங்கள். நெறி எடுத்த இடது கையில் ஊசி குத்த விடாதீர்கள். புது நர்ஸ் அவசரத்தில் மறந்தாலும் நீங்கள் மறக்கக் கூடாது.

அடுத்தது காய்ச்சல். கடிதத்தில் என்னை உண்மையிலேயே உலுக்கியது இதுதான்.

கீமோ ஏறுகிற நாளைத்தான் எல்லோரும் பயப்படுகிற நாளாக நினைக்கிறார்கள். சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து நிற்பதும் அந்த வாரம்தான். இரண்டாம் வாரம் வாந்தி நின்று, நோயாளி எழுந்து முற்றம் பெருக்க ஆரம்பித்ததும் ஆட்கள் கலைந்துவிடுவார்கள். ஆபத்து அப்போதுதான் வாசலுக்கு வருகிறது. வேகமாகப் பெருகுகிற செல்களை அழிப்பது இந்த மருந்தின் வேலை. கட்டியின் செல்லும் அப்படி, முடியின் வேரும் அப்படி, எலும்பு மஜ்ஜையும் அப்படி. மஜ்ஜையில் உருவாகும் வெள்ளை அணுக்கள் மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் சாதாரணக் கிருமியே ஒரு இரவில் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். சீழ் வைக்கக்கூட உடம்பில் ஆள் இருக்காது. ஆகவே பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. நீங்கள் பாரசிட்டமால் போட்டு அதையும் மறைத்துவிட்டீர்கள். பிழைத்தது உங்கள் அதிர்ஷ்டம். இதற்குமேல் மென்மையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாளைக்கே மெடிக்கலில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். அளவு 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் நேரம் பார்க்க வேண்டாம், வீட்டுக்காரரை எழுப்புங்கள். குளிர் நடுக்கம் வந்தால் அளவு ஏறும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். திருவனந்தபுரத்துக்கு ஓட வேண்டியதில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள், ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ராத்திரியும் திறந்திருக்கும். அங்கே போய் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடலாம். முதல் வாக்கியமே "கீமோ போட்டு இன்றைக்கு ஒன்பதாம் நாள், காய்ச்சல்" என்று இருக்கட்டும். ஃபைலைக் கையில் நீட்டுங்கள். வெள்ளை அணு எண்ணிக்கைக்கு ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். மூன்றாவது கீமோவுக்கு முன்னால் இந்தக் காய்ச்சல் கதையை உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து ஏறிய மறுநாள் வெள்ளை அணுவை ஏற்றுவதற்கு ஒரு ஊசி உண்டு, அதை எழுதித் தருவார். அந்த ஊசிக்கு இடுப்பெலும்பும் முதுகும் ஓரிரு நாள் குடைகிற மாதிரி வலிக்கும். அதையும் பொறுத்துக்கொள்ளாமல், எந்த மாத்திரை போடலாம் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சுவரில் தொங்குகிற காலண்டரில் ஏழிலிருந்து பதினாலு வரை சிவப்புப் பேனாவால் வளைத்துவிடுங்கள். அந்த வாரம் கல்யாண வீடு, சாவு வீடு, பஸ் நெரிசல் வேண்டாம். சானலிலும் குளத்திலும் குளிப்பது அந்த வாரம் மட்டுமில்லை, கீமோ முடிகிறவரைக்கும் வேண்டாம்.

வாய்ப்புண்ணும் மலச்சிக்கலும் சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் நோயாளியைச் சாப்பிட விடாமல் படுக்கப் போடுவது இவைதான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு கலக்கி, சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்னும் சேர்த்து நாளைக்கு ஐந்தாறு தடவை கொப்பளியுங்கள். கடையில் விற்கிற காரமான மவுத்வாஷ் வேண்டாம். குழந்தைகளுக்கு விற்கிற மெத்தென்ற பிரஷ் போதும். மலச்சிக்கலுக்குப் பாதிக் காரணம் வாந்தி மாத்திரை. அந்த ஆன்டான்செட்ரான் குடலைச் சோம்பலாக்கும். இரண்டாம் நாளே இளக்குகிற சிரப்பைக் கேட்டு வாங்கி ஆரம்பித்துவிடுங்கள், ஐந்தாம் நாள்வரை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. எனிமாவோ ஆசனவாயில் வைக்கிற மருந்தோ வீட்டில் செய்யவே கூடாது. வெள்ளை அணு குறைந்திருக்கும்போது அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி உள்ளே போய்விடும்.

இரணியல் ஸ்டேஷன் வாந்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. என்னிடம் வந்த ஒருவருக்குக் கீமோ முடிந்து நாலு வருஷம் கழித்து மீன் சந்தையில் என்னைப் பார்த்ததும் குமட்டிவிட்டது. "சிஸ்டர், உங்க மேல ஒண்ணும் இல்ல" என்று மன்னிப்பு வேறு கேட்டார். இது மனப்பிரமை இல்லை, நடிப்பும் இல்லை. மூளை ஒரு சத்தத்தையும் ஒரு வாசத்தையும் வாந்தியோடு முடிச்சுப் போட்டு வைத்துவிடுகிறது. முந்தின தடவை வாந்தி சரியாக அடங்காதவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். ஆகவே டாக்டரிடம் சொன்னால் அடுத்த தடவைக்கு வாந்தி மருந்தை மாற்றிக் கூட்டுவார், முதல்நாள் ராத்திரியே போடுகிற ஒரு மாத்திரையும் தருவார். முடிந்தால் ஒருமுறை ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸில் போய்ப் பாருங்கள். ரயில்தான் வசதி என்றால் ஒரு விஷயம்: மருத்துவமனையில் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தருகிற சலுகைப் படிவத்தை வாங்கினீர்களா? சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே கிடையாது, கூட வருகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. இரண்டாம் வகுப்பில் இருவருக்குமே 75 சதவீதம். இதுவரை முழுக் காசு கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

தட்டு, டம்ளர் விஷயம். நாத்தனாரிடம் இந்தப் பக்கத்தை அப்படியே கொடுங்கள். புற்றுநோய் எச்சிலால் ஒட்டாது, தொட்டால் ஒட்டாது, ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அடுக்களை இல்லை, கழிப்பறை. கீமோ ஏறிய 48 மணி நேரத்துக்குச் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் மருந்து வெளியே வரும். சிவப்பு மருந்து போட்ட மறுநாள் சிறுநீர் சிவந்து போவதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள், அது ரத்தம் இல்லை, மருந்தின் நிறம். அந்த இரண்டு நாள் கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள். வாந்தி வாளியைக் கழுவுகிறவர் கையுறை போடட்டும். அதோடு தீட்டு முடிந்தது.

கஷாயத்துக்கு வருகிறேன். நாத்தனார் உங்கள் மேல் அன்பில்லாமல் இலை பறித்து வரவில்லை, அது எனக்குத் தெரியும். முள்ளாத்தா இலைச்சாறு ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் புற்று செல்லைக் கொன்றது உண்மை. கண்ணாடித் தட்டில் வினிகர் ஊற்றினாலும் செல் சாகும். மனித உடம்பில் அது புற்றைக் குணமாக்கியதாக நிரூபணம் இல்லை. இதே பழத்தையும் இலையையும் நிறையச் சாப்பிடுகிற குவாதலூப் தீவில் பார்க்கின்சன் மாதிரியான நரம்பு நோய் வழக்கத்தைவிட அதிகம் இருப்பதை 1999-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். உங்களுக்கு இனிமேல் வரப்போகிற மருந்துகளில் ஒன்று விரல் நரம்புகளை மரக்க வைக்கும், அதன்மேல் இது வேறு எதற்கு? இன்னொன்று, சிவப்பு மருந்தை உடம்பிலிருந்து கழிப்பது ஈரல். என்ன இருக்கிறது என்று தெரியாத கஷாயத்தால் ஈரல் கணக்கு ஏறினால், மருந்தைக் குறைப்பார்கள் அல்லது தள்ளிப் போடுவார்கள். குழம்பில் போடுகிற மஞ்சளுக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இதுவரை குடித்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டு விழும், விழட்டும்.

மணவாளக்குறிச்சி மண் பற்றி. அந்தக் கறுப்பு மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிடக் கூடுதல். எல்லாம் உண்மை. இதே மாதிரி மண் கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரையிலும் உண்டு. அங்கே சுமார் 70 ஆயிரம் பேரைச் சராசரியாகப் பத்து வருஷத்துக்குமேல் பின்தொடர்ந்து பார்த்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். கதிர்வீச்சு கூடுதலான வீடுகளில் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வரவில்லை. மண் அள்ளுவதை எதிர்த்து நம் கடற்கரைக்காரர்கள் போடுகிற சண்டைக்கு வேறு நியாயங்கள் இருக்கின்றன, அதில் நான் நுழையவில்லை. உங்கள் மார்புக் கட்டிக்கு உங்கள் பிறந்த வீட்டைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். ஏன் வந்தது என்றால், முக்கால்வாசிப் பேருக்கு எங்களாலும் காரணம் காட்ட முடிவதில்லை.

மகளைப் பற்றி எழுதும்போது என் கை தயங்குகிறது, ஏனென்றால் அது உங்கள் வீட்டு விஷயம். ஆனாலும் சொல்கிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த நோயின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். "அவரை நெய்யூருக்குக் கொண்டு போயிருக்கு" என்பார்கள். எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் வேலை பார்த்த அந்தப் பழைய ஆஸ்பத்திரியின் பெயரே நோய்க்குப் பெயராகிப் போயிருந்தது. ஊர் முழுக்கத் தெரியும், நோயாளியின் பிள்ளைக்கு மட்டும் தெரியாது. வீடியோ காலில் நீங்கள் முக்காடு போட்டுக்கொண்டு பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். வயிற்றுப்புண்ணுக்கு எதற்கு அம்மா முக்காடு என்று அந்தப் பிள்ளை யோசிக்காமலா இருக்கும்? கையில் போன் இருக்கிறது, இதற்குள் தேடிப் பார்த்திருப்பாள். நீங்கள் அவளிடம் மறைக்க, அவள் தெரிந்ததை உங்களிடம் மறைக்க, இரண்டு பேரும் தனித்தனியாக அழுதுகொண்டிருப்பீர்கள். இதில் ஒரு மருத்துவக் காரணமும் உண்டு. அம்மாவுக்கு 47 வயதில் மார்புப் புற்று வந்தால், மகள் சுமார் 37 வயதிலிருந்தே மார்புப் பரிசோதனை தொடங்க வேண்டும். உங்களுக்கு மரபணுச் சோதனை தேவையா என்று டாக்டர் பார்ப்பார், அதன் முடிவு மகளுக்கும் சேர்த்துத்தான். அவளுடைய உடம்பைப் பற்றிய சேதியை நீங்கள் அமுக்கி வைத்திருக்கிறீர்கள். போனில் வேண்டாம். லீவுக்கு வரும்போது, அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டே சொல்லுங்கள். முகத்தைப் பார்க்காமல் பேச வசதி.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். சிவப்பு மருந்து இன்னும் இரண்டு, 21 நாளைக்கு ஒன்று. அதன்பின் உங்கள் தாளில் எழுதியிருக்கிறபடி பாக்லிடாக்சல், வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. அதில் வாந்தி குறைவு. விரல் நுனி மரப்பு, நகம் கறுப்பது, பட்டன் போடச் சிரமம் இவை வரலாம். வந்த வாரமே சொல்லுங்கள், அளவைக் குறைக்க முடியும். கடைசிவரை மறைத்தால் மரப்பு நிலைத்துவிடக்கூடும். அதற்குப் பிறகு ரேடியேஷன் தேவைப்பட்டால் வாரத்துக்கு ஐந்து நாளாக மூன்று வாரம் போல. அந்தக் கட்டம் தினமும் போய்வர வேண்டியது, பால் வெட்டு நிற்கிற மழைக்காலத்தில் விழுந்தால் வீட்டுக்காரருக்குத் துணைக்கு வரச் சௌகரியம். கீமோ எல்லாம் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் தலையில் பஞ்சு மாதிரி முடி தெரியும்.

அண்டி ஆபீஸ் வேலைக்குக் கீமோ காலத்தில் போக வேண்டாம். அலுப்புக்காக மட்டும் சொல்லவில்லை. தோடு உடைக்கும்போது தெறிக்கிற எண்ணெய் கையைப் பொள்ளிவிடும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நெறி எடுத்த இடது கையில் அந்தப் பொள்ளல் ஒன்று பழுத்தால், கை முழுக்க வீங்கி யானைக்கால் போல நிரந்தரமாகிவிடலாம். எல்லாம் முடிந்து திரும்பும்போதும் பருப்புத் தோல் உரிக்கிற பக்கமோ தரம் பிரிக்கிற பக்கமோ மாற்றித் தரச் சொல்லுங்கள். டாக்டர் எழுதித் தருவார். இப்போது வீட்டில் சும்மா படுத்தே இருக்காதீர்கள். முடிகிற நாட்களில் வெயில் தாழ்ந்தபின் அரை மணி நேரம் நடந்தால் அந்த அசதி குறைகிறது, இதை நான் பலரிடம் கண்ணால் பார்த்திருக்கிறேன். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. விஏஓ வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுப் பிரிவுக்குப் போங்கள். எந்த ஆஸ்பத்திரிகளில் செல்லும் என்ற பட்டியலையும் அங்கேயே கேளுங்கள்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில், "பழங்கஞ்சி குடிக்கலாமா சிஸ்டர், நாக்குக்கு ஒண்ணுமே பிடிக்கல" என்று கிறுக்கியிருந்தீர்கள். இப்போது வேண்டாம். ராத்திரி முழுக்க வெளியில் இருந்த சோற்றில் வளர்கிற கிருமியை நல்ல உடம்பு தாங்கும், உங்கள் உடம்பு இப்போது தாங்காது. அன்றன்று வைத்த சுடுகஞ்சி குடியுங்கள், கூட வேகவைத்த சிறுபயறு, அப்போதே அரைத்த தேங்காய்த் துவையல், புண் ஆறுகிறவரை மிளகாய் இல்லாமல். மீன் தாராளமாகச் சாப்பிடலாம். சாளையோ நெத்தோலியோ அன்று வந்ததாக இருக்கட்டும், நன்றாகக் கொதிக்கட்டும். இரும்பு நக்கிய மாதிரி ருசி இருந்தால் கொஞ்சம் புளியைக் கூட்டிப் பாருங்கள், ஆனால் வாய்ப்புண் ஆறிய பிறகு. எதுவும் இறங்காத நாளில் மட்டிப்பழம் இரண்டு, நீங்களே தோலுரித்து. பழங்கஞ்சியைப் பன்னிரண்டாவது பாக்லிடாக்சல் முடிந்து, ரத்தக் கணக்கு சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம், சுட்ட கருவாட்டோடு.